ஒரு பானை சோற்றுக்கு எத்தனை பிள்ளை பதம்?

ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில், எனக்கு முகம் தெரியாத ஒரு ஆறு மாதக் குழந்தைக்காகத் திருப்பூரில் ஒரு ராத்திரி முழுக்க நான் தரையில் தவழ்ந்திருக்கிறேன்.

பேபி ரோம்பர் ஆர்டர். ஓவர்லாக் மெஷினில் ஊசி முறிந்துவிட்டது. ஊசி முறிவது அதிசயமில்லை, தினமும் முறியும். ஆனால் முறிந்த ஊசிக்கு ஒரு பதிவேடு உண்டு. துண்டுகளைப் பொறுக்கி நோட்டில் வைத்து மேலே டேப் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர், தைத்தவர் பெயர் எல்லாம் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டோரில் அடுத்த ஊசியைக் கண்ணில் காட்டுவார்கள். ஒட்டிய துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வரவேண்டும். அன்றைக்கு வரவில்லை. முனையைக் காணோம். அரை நெல் அளவுகூட இருக்காது. லைனை நிறுத்தினோம். கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தோம். மெஷினைக் கழற்றி, பஞ்சுத் தூசியை வாரி, வெள்ளைத் துணியில் உதறி, டார்ச் அடித்துத் தேடினோம். பக்கத்திலிருந்த பண்டல்களை ஒவ்வொரு பீஸாக நீடில் டிடெக்டரில் விட்டோம். விடியற்காலை நாலரைக்கு, இனிக் கிடைக்காது என்று முடிவாகி, அந்தப் பண்டல்கள் அத்தனையையும் கத்தரியால் வெட்டிக் கழிவில் போட்டோம். தைத்த அக்கா உட்கார்ந்து அழுதுவிட்டார். "எம்பட பிள்ளைக்குக்கூட நான் இப்பிடித் தேடுனதில்லீங்" என்றார்.

முதலாளிக்குக் கருணை பொங்கிவிட்டது என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அவரை விடிய விடிய உட்காரவைத்தது பையரின் கான்ட்ராக்ட். ஒரு உடுப்பில் ஒரு ஊசி முனை அகப்பட்டால் சரக்கு மொத்தமும் திரும்பும், பணம் வராது, அடுத்த சீசன் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும். சரக்கைத் திருப்பி அனுப்ப வக்குள்ள ஊரில் பிறந்த பிள்ளை அது. அதனால் அதன் கழுத்தில் ஊசி குத்தக்கூடாது.

இதே தமிழ்நாட்டில், சென்னையிலிருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஆலையில் 2025 மே மாதம் கோல்ட்ரிஃப் என்கிற சளி மருந்து தயாரானது. பேட்ச் எண் எஸ்.ஆர்.13. செப்டம்பரில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், சளிக்கு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு மூத்திரம் நின்றது. சிறுநீரகம் படுத்துவிட்டால் வீட்டில் முதலில் தெரிவது அதுதான்: படுக்கையில் விரித்த துணி காலையில் காய்ந்தே கிடக்கும். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் தமிழக அரசின் ஆய்வகம் அந்த பேட்சைச் சோதித்தது. டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். வண்டிகளின் பிரேக் ஆயிலிலும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்திலும் போடுகிற சரக்கு அது. ருசி இனிப்பு. பிள்ளைகள் மூக்கைச் சுளிக்காமல் குடித்திருப்பார்கள்.

பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்டது ஒரு அட்டவணை. மொத்தச் சரக்கையும் பார்க்க முடியாது, கொஞ்சம் எடுத்துப் பார்த்து மொத்தத்தையும் ஏற்பதா தள்ளுவதா என்று முடிவுசெய்ய ஒரு கணக்கு. 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் டாட்ஜ், ரோமிக் என்ற இருவர் இதற்கு அடித்தளம் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டும் தோட்டாவும் வாங்க ராணுவத்துக்கு அது தேவைப்பட்டது. 1950இல் அமெரிக்க ராணுவம் 105 என்ற எண்ணில் அதைத் தரநிலையாக்கியது. இன்றைக்கு ஐ.எஸ்.ஓ. 2859 என்றும், நம் ஊரில் ஐ.எஸ். 2500 என்றும் அதே வம்சம் தழைத்து நிற்கிறது. தோட்டாவுக்குப் பிறந்த அட்டவணை பனியனுக்கு வந்து சேர்ந்தது. தோட்டாவைச் சுட்டுப் பார்த்தால் அந்தத் தோட்டா போச்சு. அதனால்தான் எல்லாவற்றையும் சோதிக்காமல் மாதிரி எடுத்தார்கள். இந்த விவரத்தைக் கொஞ்சம் பத்திரமாக வையுங்கள், திரும்பி வருவேன்.

அட்டவணை எப்படி வேலை செய்யும்? 1,200 பீஸ் லாட் என்றால் 80 பீஸ் எடுக்கவேண்டும். ஏ.கியூ.எல். 2.5 என்றால் அந்த 80இல் ஐந்து குறை வரை பாஸ், ஆறு வந்தால் ஃபெயில். பார்க்கக் கறாராகத்தான் இருக்கும். ஆனால் அந்த லாட்டில் நூற்றுக்கு ஐந்து ஓட்டை, அதாவது சொன்ன அளவுக்கு இரட்டிப்பு, இருந்தாலும் ஐந்துக்கு நாலு தடவை அது பாஸாகிவிடும். நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. டாட்ஜும் ரோமிக்கும் இதை ஒளிக்கவும் இல்லை. வளைகோடு போட்டுக் காட்டினார்கள். ஏ.கியூ.எல். என்பதை முதலில் 'ஏற்கத்தக்க தர நிலை' என்றுதான் விரித்தார்கள். அத்தனை ஓட்டை போட லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்க முதலாளிகள் புரிந்துகொண்டதால், பிற்பாடு ஐ.எஸ்.ஓ. அதை 'ஏற்புத் தர எல்லை' என்று மாற்றி எழுதியது. பெயர் மாறியது. புரிதல் மாறவில்லை.

கார்ட்டன் திறப்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மொத்த கார்ட்டனுக்கு வர்க்கமூலம் போடு. 144 கார்ட்டன் என்றால் 12. எந்தப் பன்னிரண்டு என்பதில்தான் எங்கள் கலை. ஏஜென்சி இன்ஸ்பெக்டர் மதியம் பிரியாணி சாப்பிட்டு வருவதற்குள், சுத்தமான கார்ட்டன்கள் வாசல் பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில் அடுக்கப்பட்டிருக்கும். அடுக்கச் சொன்னவன் நான்தான், மறைப்பானேன்? ஒரே ஒரு பெண்மணி மட்டும் இதில் விழமாட்டார். சுவர் ஓரம் நடந்து போய், மூலையில் ஃபேனுக்குக் கீழே, அஞ்சு அடுக்குக்கு அடியில் இருக்கிறதைக் காட்டி, "அதை உருவுங்க தம்பி" என்பார். வயிற்றைக் கலக்கும். அவர் வருகிற நாள் தெரிந்தால் அந்த வாரம் முழுக்க எங்கள் தையல் நேராக இருக்கும். மாதிரி எடுப்பதன் பயன் அந்த எண்பது பீஸில் இல்லை, அந்த அம்மாவின் மேல் இருந்த பயத்தில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இத்தனை அட்டவணையும் தெரியாமலே என் அம்மிச்சி தினம் ஒரு பானை வைத்து இறக்கியது. ஒரு பருக்கையைக் கரண்டியில் எடுத்து, ஊதி, விரலிடையில் நசுக்கிப் பார்க்கும். மாதிரி அளவு ஒன்று. ஏற்பு எண் சுழியம். அந்தப் பருக்கை வேகவில்லை என்றால் பானை இறங்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைக் கிண்டலடிக்கிற புள்ளியியல்காரர்கள் உண்டு, ஒன்று போதாதாம். போதும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, நடுவில் இரண்டு தரம் துழாவிவிட்டது. சரக்கு ஒரே சீராகக் கலந்திருந்தால் ஒன்று போதும் என்றுதான் புத்தகமும் சொல்கிறது. புத்தகத்தில் இல்லாத காரணம் ஒன்று உண்டு: பதம் பார்க்கிறவளும் அந்தச் சோற்றைத்தான் தின்பாள்.

சிரப்பும் பானைச் சோறுதான். ஒரு தொட்டியில் கலக்கி, ஒரு குழாய் வழியாகப் பாட்டிலில் இறக்குவது. எஸ்.ஆர்.13இல் ஏதோ ஒரு மூலை பாட்டிலில் மட்டும் விஷம் ஒளிந்திருக்கவில்லை. பாதி மருந்து, பாதி விஷம். மூலையில் ஃபேனுக்குக் கீழே இருந்ததை உருவ அந்த அம்மா வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்து விஷத்துக்கான சோதனைக்குப் போட்டிருந்தாலும், 48.6 பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்து நின்றிருக்கும். எண்பது வேண்டாம். ஐந்துகூட வேண்டாம். ஒரு பருக்கை.

ஆகவே சுங்குவார்சத்திரத்தின் மாதிரித் திட்டம் என்னவென்று கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. விஷத்துக்காக எடுக்கப்பட்ட மாதிரி: சுழியம். ஏற்பு எண்: எத்தனை வேண்டுமானாலும்.

திறமையான மாதிரித் திட்டத்துக்குப் பாடப்புத்தகம் தருகிற இலக்கணத்தை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். குறைந்த மாதிரி, குறைந்த செலவு, குறைந்த நேரம், சீக்கிரம் முடிவு. இந்த நாலிலும் சுங்குவார்சத்திரத்தை அடிக்க உலகத்தில் ஆளில்லை. ஆபிரகாம் வால்டு என்ற மேதை 1940களில், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்து, போதும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளும் வித்தையைக் கண்டுபிடித்தார். மாதிரிச் செலவு பாதியளவுக்குக் குறையும் என்று காட்டினார். பாவம், ஆரம்பிப்பதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதற்கெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்து படித்திருக்கவேண்டும்.

மருந்து ஆலைகளில் மூலப்பொருள் பீப்பாய் வந்து இறங்கும்போதும் எங்கள் கார்ட்டன் கணக்குத்தான். வந்த பீப்பாய்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம், கூட ஒன்று. நூறு பீப்பாய் வந்தால் பதினொன்றைத் திற. 1920களில் அமெரிக்க விவசாயப் பொருள் பரிசோதகர்கள் கைப்பழக்கமாக வைத்திருந்த சூத்திரம் என்பார்கள். புள்ளியியலில் இதற்கு ஒரு காலும் கிடையாது, நொண்டிக் காலும் கிடையாது. நூறில் ஒரே ஒரு பீப்பாயில், சிரப்பில் சேர்க்கிற புரொப்பிலின் கிளைக்காலுக்குப் பதில் விஷம் இருந்தால், நூற்றுக்கு 89 தரம் அந்தப் பீப்பாய் யார் கண்ணிலும் படாமல் தொட்டிக்குப் போய்விடும். இரண்டே பீப்பாய் வாங்குகிற சின்ன ஆலையில் இன்னும் வேடிக்கை: இரண்டின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி முழு எண்ணுக்கு ஏற்றினால், இரண்டு பீப்பாயில் மூன்றைத் திறக்கச் சொல்லும் சூத்திரம். உலக சுகாதார நிறுவனமே இந்தச் சூத்திரத்தை, பொருள் ஒரே சீரானது, விற்றவர் அறிந்த ஆள் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும், மிகுந்த ஜாக்கிரதையோடு பயன்படுத்து என்று எழுதிவைத்திருக்கிறது. பீப்பாய்க்குள் இருப்பது லேபிளில் எழுதியதுதானா என்ற அடையாளச் சோதனையை ஒவ்வொரு பீப்பாயிலும் செய் என்பதுதான் நல்ல உற்பத்தி நெறிமுறை. சுங்குவார்சத்திர ஆலைக்கு வந்தது மருந்துத் தரமே இல்லாத கிளைக்கால் என்று பிற்பாடு சோதனைக்குப் போனவர்கள் சொன்னார்கள். அதோடு முந்நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குறைகளையும் எண்ணி எழுதினார்கள்.

முந்நூற்று ஐம்பது! 2011இல் உரிமம் வாங்கிய ஆலை. இந்த முந்நூற்று ஐம்பதும் ஒரே ராத்திரியில் முளைத்த காளான்களா? எங்கள் கம்பெனியில் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு ஐரோப்பிய ஆடிட்டர் எழுதிப் போனதற்கு மூன்று மாதம் ஆர்டர் நின்றது.

இனி அரசாங்கம் மாதிரி எடுத்த அழகைப் பார்க்கலாம். 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு அறிக்கை விட்டது. மத்தியப் பிரதேசத்தில் பல மருந்துகளின் மாதிரிகளை எடுத்திருக்கிறோம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்த ஆறிலும், மாநில அரசு சோதித்த மூன்றிலும் விஷம் இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது சுத்தம். அன்று ராத்திரியே தமிழ்நாட்டிலிருந்து எஸ்.ஆர்.13இன் முடிவு வந்தது. ஒன்பது பானையில் ஒன்பது பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்து, ஊரில் எல்லாச் சோறும் வெந்துவிட்டது என்று தண்டோரா போட்ட கதை இது. வேகாத பானை பத்தாவது வீட்டு அடுப்பில் இருந்தது. முடிவு வராத மாதிரிகள் கையில் இருக்கும்போது, வந்தவரைக்கும் நல்ல சேதியை மட்டும் முந்திக்கொண்டு சொல்ல எந்த அட்டவணையில் இடமிருக்கிறது? இத்தனைக்கும் இது மஹலனோபிஸின் தேசம். வங்காளத்தின் சணல் வயல்களில் மாதிரி எடுத்து விளைச்சலைக் கணக்கிடும் முறையை உலகத்துக்குப் பாடமாகக் காட்டிய தேசம். சணலுக்கு வாய்த்த கொடுப்பினை சிந்த்வாடா பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை.

எங்கள் அட்டவணைப் புத்தகத்தில் இரண்டு இடர்கள் உண்டு. நல்ல சரக்கைத் தவறாகத் தள்ளிவிடுவது உற்பத்தியாளர் இடர். கெட்ட சரக்கைத் தவறாக ஏற்றுக்கொள்வது நுகர்வோர் இடர். வழக்கமாக முதலாவதற்கு 5 சதவீதம், இரண்டாவதற்கு 10 சதவீதம் வைப்பார்கள். ஏன் வாங்குகிறவன் தலையில் இரட்டிப்பு என்று பயிற்சி வகுப்பில் நான் கேட்டதற்கு, "மரபு" என்றார் ஆசிரியர். வளைகோட்டின் வலது கோடியில், கீழே, ஒரு சின்ன பீட்டா எழுத்தாகத்தான் நுகர்வோர் இடர் எனக்கு அறிமுகம். அது மூன்று வயசுப் பெண்ணாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடக்கும் என்று அந்தப் படத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. உற்பத்தியாளர் இடருக்கோ இந்த நாட்டில் கோட்டையும் அகழியும் உண்டு. 2023 டிசம்பரில் மருந்து உற்பத்தி நெறிமுறைகளைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். நல்ல காரியம். சின்ன ஆலைகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஒரு வருஷம் அவகாசம். பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை நீட்டிப்பு. பிள்ளைகள் செத்தது அந்த நீட்டிப்பு நடந்துகொண்டிருக்கும்போது. விண்ணப்பம் போட்டு நீட்டிப்பு வாங்கலாம் என்று சிறுநீரகங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதே 2023இல், மக்களை நம்புகிறோம் என்று பெயர் சூட்டிய ஒரு சட்டம், தரமற்ற மருந்து வழக்குகளில் ஒரு வகையைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ஆக்கிக்கொடுத்தது. சாவு விழுந்தால் வேறு பிரிவு பாயும், உண்மைதான். அதுவரை ரசீது போதும்.

ஏற்றுமதிக்கு வருவோம். 2022இல் காம்பியா நாட்டில், ஹரியானாவில் தயாரான சிரப்புகளைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதே வருஷக் கடைசியில் உஸ்பெகிஸ்தானில் இன்னொரு இந்திய சிரப். உலகத்தின் மருந்துக்கடை என்று மார்தட்டிய தேசத்துக்கு மானப் பிரச்சினை. உடனே ஒரு உத்தரவு: 2023 ஜூன் 1 முதல், நாட்டை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு இருமல் சிரப்பையும் அரசு ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில் சோதித்து, சான்றிதழ் வாங்கித்தான் கப்பலில் ஏற்றவேண்டும்.

இன்னொரு தரம் வாசியுங்கள். வெளியே போகிற.

உள்ளே விற்கிற சிரப்புக்கு அந்த உத்தரவு இல்லை. விஷத்தின் வேதியியல் கடவுச்சீட்டைப் பார்க்குமா? சுங்குவார்சத்திரத்துத் தொட்டியிலிருந்து ஒரு பெட்டி ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டிருந்தால் அதைச் சோதித்திருப்பார்கள். சிந்த்வாடாவுக்குப் புறப்பட்டதால் சோதிக்கவில்லை. 48.6 சதவீதம் துறைமுக வாசலில் பிடிபட்டிருக்கும். லாரி ஷெட்டில் பிடிபடவில்லை. ஊசி முனைக்காக என்னைத் தவழவிட்ட அதே விதிதான் இங்கேயும். திருப்பி அனுப்பக் கூடியவனுக்குச் சோதனை. திருப்பி அனுப்ப முடியாதவனுக்குச் சரக்கு.

பத்திரமாக வைக்கச் சொன்ன தோட்டா விவரத்தை இப்போது எடுங்கள். சோதித்தால் அழிந்துபோகிற பொருளில்தான் மாதிரி எடுக்கவேண்டும், மாதிரியாகப் போனது திரும்ப வராது. உள்நாட்டுச் சந்தையில் சோதனையே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டு வந்தது தவறு, திருத்திக்கொள்கிறேன். சோதனை நடந்தது. மாதிரிகள் பராசியா, சிந்த்வாடா பக்கத்து வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டன. கருவி, பிள்ளையின் சிறுநீரகம். முதல் மாதிரி அழிந்தபோது லாட்டைத் தள்ளவில்லை. இரண்டாவதில், மூன்றாவதில் தள்ளவில்லை. ரோம்பரில் ஊசி முனைக்கு ஏற்பு எண் சுழியம் என்று கறாராக வைத்திருந்தோமே, இங்கே ஏற்பு எண் எவ்வளவு என்று முன்கூட்டியே யாரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே போய், ஒரு மாதம் கழித்துத்தான் போதும் என்று யாருக்கோ தோன்றியது. வால்டு சொன்ன தொடர் மாதிரி முறை கடைசியில் இந்தியாவில் அமலாகியது என்று அவர் சார்பில் பெருமைப்படலாம்.

அட்டவணைப் புத்தகத்தின் முதுகெலும்பு ஒன்று உண்டு. சோம்பேறிகள் அதைப் படிப்பதே இல்லை. மாற்று விதி. தொடர்ந்து வரும் ஐந்து லாட்டுக்குள் இரண்டு தள்ளுபடியானால், அதற்கப்புறம் சாதாரணச் சோதனை கிடையாது; கடுமைச் சோதனைக்கு மாறவேண்டும். கடுமையிலும் ஐந்து லாட் தள்ளுபடியாகிவிட்டால் மாதிரி எடுக்கிற வேலையையே நிறுத்து. சரக்கை வாங்காதே. ஆலையைச் சரிசெய்துவிட்டு வரச் சொல். இந்த விதியை நம் தேசத்துக்குப் போட்டுப் பார்த்தேன். டை எத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்து, 1972, சென்னை, ஒரு டஜனுக்கும் மேல் பிள்ளைகள். தள்ளுபடி. 1986, பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை, கிளிசரின், 14 நோயாளிகள். நீதிபதி லென்டின் கமிஷன் உட்கார்ந்து, அமைச்சர் முதல் ஆஸ்பத்திரி வரை அழுகிக் கிடந்ததை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியது. தள்ளுபடி. இத்தோடு கடுமைக்கு மாறியிருக்கவேண்டும். 1998, குர்கான். 2020, ஜம்முவின் உதம்பூர் மாவட்டம். 2022, காம்பியா. அதே வருஷம், உஸ்பெகிஸ்தான். 2025, சிந்த்வாடா. கடுமையிலும் ஐந்து தள்ளுபடி. கணக்கு முடிந்தது. ஆலைகள் வேறு, முதலாளிகள் வேறு, அதனால் இது ஒரே லாட் வரிசை இல்லை என்று புள்ளியியல் நண்பர் ஒருவர் என்னைத் திருத்தினார். சரி சார். ஆலை வேறு. சரக்கை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மேசை ஒன்றுதானே?

அமெரிக்காவில் 1937இல் இதே விஷம் கலந்த ஒரு மருந்து நூறு பேருக்கு மேல் கொன்றது. மறு வருஷமே சட்டம் எழுதினார்கள். அந்நாட்டு முதலாளிகள் நம் முதலாளிகளைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செத்த பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது, எழுதினால் படிக்க ஆளிருந்தது.

இங்கே என்ன செய்தார்கள்? செய்யாமல் இல்லை. முதலாளி கைது. மருந்து எழுதிய டாக்டர் கைது. ஆய்வாளர்கள் சஸ்பெண்டு. உரிமம் ரத்து. அக்டோபர் 7ஆம் தேதி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் போட்டார்: ஆய்வுக்குப் போன இடங்களில் ஆலைகள் ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் சோதிப்பதில்லை என்று தெரியவருகிறது, விதிப்படி சோதிக்கச் சொல்லுங்கள் என்று. புது விதி அல்ல, ஏற்கெனவே இருக்கிற விதி. பத்துக் கட்டளையில் ஐந்தாவது கொலை செய்யாதே என்பது, அது இன்னும் அமலில் இருக்கிறது என்று பங்குத்தந்தைக்குச் சுற்றறிக்கை விட்டது போல. எங்கள் ஊசிப் பதிவேட்டை யாரும் சுற்றறிக்கை விட்டு நினைவூட்டியதில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் டேப் ஒட்டவேண்டியிருந்தது, ஒட்டினோம்.

எஸ்.ஆர்.13இன் லேபிளில் போட்டிருக்கிறபடி அந்த மருந்தின் ஆயுள் 2027 ஏப்ரல் வரை.

நவம்பரில் என் பேத்திக்குச் சளி. மருமகள் எழுதிக்கொடுத்த சீட்டோடு பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலுக்குப் போனேன். கடைப் பையன் ஒரு சிரப்பை எடுத்து வைத்தான். பாட்டிலைத் திருப்பி, பேட்ச் எண்ணையும் தேதியையும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தேன். அதைப் படித்து எனக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது? பழக்கம்.

"அந்தக் கம்பெனி வேறங்ணா, அதெல்லாம் அப்பவே எடுத்தாச்சு. இது நல்ல கம்பெனிங்."

"நல்ல கம்பெனின்னு எப்படிப்பா தெரியும்?"

அவன் யோசித்தான். பொய் சொல்கிற பையன் இல்லை.

"இதுவரைக்கும் யாரும் வந்து ஒண்ணும் சொல்லலீங்ணா."